ராத்திரி கை மரத்துப் போகுதா? ஆபரேஷன் இல்லாமல் கார்ப்பல் டனல் வலியைக் குறைப்பது எப்படி?

தேனி மாவட்டத்தில் பல குடும்பங்களின் அடுப்பு எரிவதே விரல்களை நம்பித்தான். போடி, கம்பம், கூடலூர் பக்கமிருந்து விடியும் முன்பே ஜீப் ஏறி, எல்லை தாண்டி இடுக்கி மலைக்கு ஏலக்காய் பறிக்கப் போகும் பெண்கள் இருக்கிறார்கள். சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி பக்கம் திராட்சைப் பந்தலுக்கு அடியில் நின்று கவாத்து செய்பவர்கள் இருக்கிறார்கள். ஆண்டிபட்டி அருகே சக்கம்பட்டியில் தறி நெய்கிறவர்கள், ஊருக்கு ஊர் தையல் மிஷினில் உட்கார்ந்திருப்பவர்கள், காலையும் மாலையும் பால் கறப்பவர்கள் என்று இந்தப் பட்டியல் நீளும்.

"பகல்ல வேலை பார்க்கும்போது ஒண்ணும் தெரியல, ராத்திரி படுத்தா கை மரத்துப் போகுது, எந்திரிச்சு உதறினாத்தான் சரியாகுது." இப்படிச் சொல்பவர் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். இதை வாயு என்றும், ரத்த ஓட்டக் குறைவு என்றும், வயசாயிடுச்சு என்றும் நினைத்து மாதக்கணக்கில் தள்ளிப் போடுவது வழக்கம். ஆனால் இது மணிக்கட்டில் ஒரு நரம்பு நசுங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். மருத்துவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'கார்ப்பல் டனல் சிண்ட்ரோம்'.

நல்ல செய்தி என்னவென்றால், ஆரம்பத்திலேயே கவனித்தால் பலருக்கு ஆபரேஷன் தேவைப்படாது. முதல் கட்ட வைத்தியம் நடப்பதே தூங்கும் நேரத்தில்தான். அதற்காக ஒருநாள் கூலியைக்கூட விட வேண்டியதில்லை.

மணிக்கட்டுக்குள் என்ன நடக்கிறது?

உள்ளங்கை தொடங்கும் இடத்தில், மணிக்கட்டுக்குள் ஒரு குறுகலான பாதை இருக்கிறது. அடியிலும் பக்கவாட்டிலும் சின்னச் சின்ன எலும்புகள், மேலே கூரை மாதிரி ஒரு கெட்டியான நார்ப்பட்டை. இந்தச் சின்னச் சுரங்கத்துக்குள் விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும், அவற்றோடு 'மீடியன்' என்கிற ஒரு நரம்பும் போகின்றன.

பாதை பெரிதாகாது. ஆனால் உள்ளே இருக்கும் தசைநாண்களைச் சுற்றியுள்ள சவ்வு தடித்தாலோ, நீர் கோத்தாலோ இடம் நெருக்கடியாகும். எல்லாவற்றிலும் மென்மையானது நரம்பு என்பதால் அதுதான் முதலில் அடி வாங்கும். மணிக்கட்டை முன்னாலோ பின்னாலோ மடக்கினால் உள்ளே அழுத்தம் பல மடங்கு கூடும்.

இரவில் ஏன் அதிகம்? தூக்கத்தில் நம்மை அறியாமலே கையைச் சுருட்டி, தலைக்கு அடியிலோ தாடைக்கு அடியிலோ வைத்துக்கொள்கிறோம். மணிக்கட்டு மணிக்கணக்கில் மடங்கியே கிடக்கிறது. அதனால்தான் நள்ளிரவில் விழிப்பு வருகிறது.

யாருக்கெல்லாம் வரும்?

ஆண்களைவிடப் பெண்களுக்கு இது அதிகம். கர்ப்ப காலம், சர்க்கரை நோய், தைராய்டு சுரப்பு குறைவு, முடக்குவாதம், உடல் பருமன், பழைய மணிக்கட்டு எலும்பு முறிவு ஆகியவை வாய்ப்பைக் கூட்டும்.

அடுத்தது வேலை. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2010-ல் திருத்திய தொழில்சார் நோய்கள் பட்டியலில் கார்ப்பல் டனலும் இருக்கிறது. அது மூன்று காரணங்களைச் சொல்கிறது: விசை கொடுத்துத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலை, அதிரும் கருவிகள், மணிக்கட்டை அளவுக்கு மீறி வளைத்து வைத்திருப்பது. மூன்றும் சேர்ந்தால் சிக்கல் அதிகம்.

கம்பம் பள்ளத்தாக்கின் வேலைகளை இதோடு பொருத்திப் பாருங்கள். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையை எடுத்துக்கொள்வோம். பந்தலில் கவாத்து செய்யும்போது கை தலைக்கு மேலே, மணிக்கட்டு பின்னால் வளைந்த நிலையில், கத்தரியை நாளெல்லாம் அழுத்த வேண்டும். ஏலத்தோட்டத்தில் செடியின் அடியில் இருக்கும் சரத்திலிருந்து காயை ஒவ்வொன்றாக விரல் நுனியால் கிள்ளி எடுக்க வேண்டும். களை வெட்டும் மிஷின் பிடிப்பவருக்கு அதிர்வும் சேர்ந்துகொள்ளும்.

இது கார்ப்பல் டனல்தானா? எப்படித் தெரிந்துகொள்வது?

எந்த விரல் மரத்துப் போகிறது என்று கவனியுங்கள். அதுதான் முதல் துப்பு.

• கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி ஆகியவை மட்டும் மரத்தால் கார்ப்பல் டனலாக இருக்க வாய்ப்பு அதிகம்.

• சுண்டு விரலும் அதை ஒட்டிய பாதி மோதிர விரலும் மட்டும் மரத்தால் பெரும்பாலும் முழங்கைப் பக்கம் ஓடும் வேறொரு நரம்பின் சிக்கல்.

• கழுத்திலிருந்து தோள் வழியாக மின்சாரம் பாய்வது போல வலி இறங்கினால் கழுத்து எலும்பைப் பரிசோதிக்க வேண்டும்.

• இரண்டு பாதங்களிலும் எரிச்சல், மரப்பு இருந்தால் சர்க்கரை நோயால் வரும் நரம்பு பாதிப்பா என்று பார்க்க வேண்டும்.

• தோலில் வெளிறிய அல்லது சிவந்த, உணர்ச்சி இல்லாத தேமல் இருந்தால் தொழுநோய்ப் பரிசோதனை அவசியம். அரசு மருத்துவமனைகளில் அதற்கான மருந்து இலவசம். முழுமையாகக் குணப்படுத்திவிடலாம்.

வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று ஒட்டி, விரல்கள் கீழே பார்க்கும்படி மணிக்கட்டை மடக்கி 60 விநாடி வையுங்கள். அதற்குள் மேலே சொன்ன விரல்களில் விறுவிறுப்போ மரப்போ வந்தால் சந்தேகம் வலுக்கிறது. ஆனால் இது முடிவான சோதனை இல்லை. டாக்டர் கையைப் பார்த்து, தேவைப்பட்டால் நரம்பில் மின்னோட்டம் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளக்கும் பரிசோதனைக்கு எழுதித் தருவார்.

முதல் வைத்தியம்: இரவில் மணிக்கட்டுப் பட்டை

லேசான, நடுத்தரமான பாதிப்புக்கு முதலில் சொல்லப்படுவது 'ஸ்பிளிண்ட்' என்கிற மணிக்கட்டுப் பட்டை. தூங்கும்போது மணிக்கட்டு மடங்காமல் நேராக வைத்திருப்பது மட்டும்தான் இதன் வேலை. நரம்புக்கு ராத்திரி முழுக்க ஓய்வு கிடைக்கும்.

வாங்கும்போது இதையெல்லாம் கவனியுங்கள்:

• துணி மாதிரி இழுபடும் எலாஸ்டிக் பட்டை போதாது. உள்ளங்கைப் பக்கம் உலோகத் தகடு அல்லது கெட்டியான பிளாஸ்டிக் வைத்ததாக இருக்க வேண்டும்.

• கடையில் கிடைக்கும் பல பட்டைகளில் அந்தத் தகடு கையைப் பின்னால் வளைத்துப் பிடிக்கும்படி இருக்கும். எலும்பு முறிவு போன்ற வேறு தேவைகளுக்கு அது சரி. கார்ப்பல் டனலுக்கு மணிக்கட்டு நேராக இருக்க வேண்டும். அலுமினியத் தகடாக இருந்தால் வெளியே எடுத்து நிமிர்த்திக்கொள்ளலாம். பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டினால் சரி செய்து தருவார்.

• விரல்களை மடக்க முடியணும். பட்டை உள்ளங்கையின் நடு ரேகையைத் தாண்டி விரல் அடிவரை வரக்கூடாது.

• இறுக்கிக் கட்டக்கூடாது. பட்டைக்கு அடியில் ஒரு விரல் நுழைய வேண்டும். இறுக்கினால் உள்ளே அழுத்தம் கூடி எதிர்விளைவுதான்.

இரண்டு நாள் போட்டுவிட்டு "ஒண்ணும் கேக்கல" என்று கழற்றிவிடுவதுதான் பலர் செய்யும் தப்பு. குறைந்தது 6 வாரம், ஒரு ராத்திரி விடாமல் போட வேண்டும். முதல் சில நாள் தூக்கத்துக்கு இடைஞ்சலாக இருக்கும், பிறகு பழகிவிடும். பட்டை வாங்கும்வரை, ஒரு சின்னத் துண்டை மணிக்கட்டைச் சுற்றித் தளர்வாகச் சுருட்டிக் கட்டினால் ஓரளவு மடங்காமல் இருக்கும்.

"ஓய்வு எடுங்க"ன்னா எப்படி? கூலி யார் தருவா?

இந்தக் கேள்வி நியாயமானது. வேலையை நிறுத்த முடியாதவர்கள் வேலை செய்யும் விதத்தை மாற்றலாம். மூன்று விஷயம் மனசில் இருந்தால் போதும்: விசையைக் குறை, வளைவைக் குறை, இடைவெளி கொடு.

கவாத்து செய்பவர்கள்: மழுங்கிய கத்தரிதான் முதல் எதிரி. தினமும் சாணை பிடித்து, ஸ்பிரிங்குக்கு எண்ணெய் விட்டால் ஒவ்வொரு வெட்டுக்கும் தேவைப்படும் அழுத்தம் குறையும். கைப்பிடி வழுக்கினால் இன்னும் இறுக்கிப் பிடிப்போம். ரப்பர் உறை போட்ட பிடி நல்லது. தடித்த கொடிக்கு நீளப் பிடி கத்தரியோ வாளோ எடுங்கள். பந்தல் உயரமாக இருந்தால் ஒரு பலகை மேலே ஏறி நின்று, கை முகத்துக்கு நேராக வரும்படி வெட்டுங்கள்.

ஏலக்காய் பறிப்பவர்கள்: ஒரே கையால் கிள்ளிக்கொண்டே போகாமல் இரண்டு கையையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். செடிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் மணிக்கட்டு வளைவது குறையும். எட்டி நின்று பறித்தால் கூடும். நிறைந்த கூடையைத் தூக்கும்போது விரலில் தொங்கவிடாமல் இரு கையாலும் அணைத்துத் தூக்குங்கள்.

காய் தரம் பிரிப்பவர்கள், தையல்காரர்கள்: மேசையின் விளிம்பில் மணிக்கட்டை அழுத்தி வைக்காதீர்கள். விளிம்பில் துணி மடித்துப் போடலாம். தையல் கத்தரிக்கோலும் கூர்மையாக இருக்க வேண்டும்.

பால் கறப்பவர்கள்: கட்டைவிரலை உள்ளே மடக்கி அதன் கணுவால் அழுத்திக் கறக்கும் பழக்கம் விரலுக்கும் கெடுதல், மாட்டின் காம்புக்கும் கெடுதல். முழுக்கையால் பிடித்துக் கறக்கும் முறைதான் நல்லது. வீட்டில் இன்னொருவர் பழகிக்கொண்டால் ஒருவேளை அவர், ஒருவேளை நீங்கள் என்று பிரித்துக்கொள்ளலாம்.

மிஷின் பிடிப்பவர்கள்: அதிரும் மிஷினை ஒருவரே நாளெல்லாம் பிடிக்காமல் ஆள் மாற்றுங்கள்.

எல்லோருக்கும் பொதுவாக, அரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு நிமிடம் கையைத் தொங்கவிட்டு விரலை விரித்து மூடுங்கள். ஒரு நிமிடத்தால் கூலி குறையாது.

வீட்டில் படுத்துக்கொண்டு மொபைல் பார்ப்பவர்களும் கவனிக்கணும். மணிக்கட்டை மடக்கி, போனை ஒரே கையில் பிடித்தபடி ஒரு மணி நேரம் பார்த்தால், நசுங்கிய நரம்புக்கு அதுவும் பாரம்தான்.

உடற்பயிற்சி உதவுமா?

ஓரளவு உதவும். மற்ற வைத்தியத்தோடு சேர்த்துச் செய்ய வேண்டும். தசைநாண்கள் சுரங்கத்துக்குள் ஒட்டாமல் வழுக்கிப் போகச் செய்வதுதான் நோக்கம். இப்படிச் செய்யலாம்:

1. விரல்களை நேராக நீட்டுங்கள்.
2. விரல்களின் நடுக்கணுவையும் நுனிக்கணுவையும் மட்டும் மடக்கி, கொக்கி போல வையுங்கள்.
3. மறுபடி நேராக நீட்டி, பிறகு முழுதாக மூடி முஷ்டி பிடியுங்கள்.
4. மறுபடி நீட்டி, விரல்கள் நேராக இருக்க, அடிக்கணுவில் மட்டும் மடக்கி மேசை போல வையுங்கள்.

ஒவ்வொன்றிலும் 5 விநாடி. மொத்தம் 5 முதல் 10 தடவை, நாளுக்கு 2 அல்லது 3 முறை. மணிக்கட்டு நேராகவே இருக்கட்டும். வலியோ மரப்போ கூடினால் நிறுத்திவிட்டு பிசியோதெரபிஸ்ட்டைக் கேளுங்கள். பந்தை வைத்து அழுத்தும் 'கிரிப்' பயிற்சி இந்தக் கட்டத்தில் வேண்டாம். அது உள்ளே அழுத்தத்தைக் கூட்டும்.

ஊசி போட்டால் சரியாகிவிடுமா?

மணிக்கட்டில் போடும் ஸ்டீராய்டு ஊசி, நரம்பைச் சுற்றியுள்ள வீக்கத்தைக் குறைக்கும். வலி அதிகமாக இருப்பவர்களுக்கு வேகமான நிவாரணம் இதில்தான். ஆனால் எல்லோருக்கும் அது நிலைத்து நிற்பதில்லை.

பிரிட்டனில் 234 பேரிடம் நடந்து, 2018-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், ஒரு பிரிவினருக்கு ஊசியும் மற்றவர்களுக்கு இரவுப் பட்டையும் கொடுத்தார்கள். 6 வாரத்தில் ஊசி போட்டவர்கள் நன்றாக இருந்தார்கள். 6 மாதத்தில் பார்த்தால் இரண்டு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

2013-ல் வெளியான ஸ்வீடன் ஆய்வு, பட்டை போட்டும் கேட்காத 111 பேரிடம் நடந்தது. ஸ்டீராய்டு 80 மில்லிகிராம் ஊசி போட்டவர்களில் 73 சதவீதம் பேரும், மருந்தில்லாத ஊசி போட்டவர்களில் 92 சதவீதம் பேரும் ஓராண்டுக்குள் ஆபரேஷன் செய்துகொண்டார்கள். ஊசி சிலரை ஆபரேஷனிலிருந்து காப்பாற்றியது, பலருக்கு நாளைத் தள்ளிப் போட்டது. அறுவடை சீசனைக் கடக்க வேண்டும், கர்ப்ப காலத்தைக் கடக்க வேண்டும் என்கிற நிலையில் அந்த அவகாசமே பெரிய உதவிதான்.

இந்த ஊசியை அனுபவமுள்ள டாக்டர்தான் போட வேண்டும். இடம் தவறினால் நரம்பே காயப்படலாம். போட்ட இடத்தில் தோல் வெளுக்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு சில நாள் சர்க்கரை அளவு ஏறலாம், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மாத்திரை, தைலம், கட்டு?

மெடிக்கலில் சொல்லி வாங்கும் வலி மாத்திரைகள் கார்ப்பல் டனலுக்குப் பெரிதாகப் பயன் தருவதில்லை. மாதக்கணக்கில் போட்டால் வயிற்றுப் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வரும். 'நரம்பு சத்து' என்று விற்கும் வைட்டமின் பி6 மாத்திரை இந்த நோயைக் குணப்படுத்தும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. அளவு மீறினால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

தைலம் தடவினால் இதமாக இருக்கும், தப்பில்லை. ஆனால் மணிக்கட்டின் உள்பக்கம் அழுத்தி நீவுவதும், இறுக்கிக் கட்டுப் போடுவதும் ஏற்கெனவே நசுங்கிய நரம்பை மேலும் நசுக்கும். மரத்த கையில் ஒத்தடம் கொடுக்கும்போது சூடு தெரியாமல் கொப்புளம் வந்துவிடும், கவனம்.

மூல காரணத்தை விட்டுவிடாதீர்கள்

இரண்டு கையிலும் மரப்பு இருந்தால் சர்க்கரையையும் தைராய்டையும் பரிசோதித்துவிடுங்கள். தைராய்டு குறைவுக்கு மருந்து எடுத்தாலே சிலருக்குக் கை சரியாகிவிடும். கர்ப்பிணிகளுக்கு வருவது பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிறகு சில வாரங்களிலோ மாதங்களிலோ குறையும். அதுவரை இரவுப் பட்டை போதும்.

தேனி மாவட்டத்தில் க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், பெரியகுளத்தில் மாவட்டத் தலைமை மருத்துவமனையும் இருக்கின்றன. கம்பம், போடி, உத்தமபாளையம், சின்னமனூர், ஆண்டிபட்டியிலும் அரசு மருத்துவமனைகள் உண்டு. 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் பணியாளர்கள் சர்க்கரை, ரத்த அழுத்தத்தோடு பிசியோதெரபி சேவையும் தருகிறார்கள். அவர்கள் வரும்போது கை மரப்பையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

எப்போது ஆபரேஷனைத் தள்ளிப் போடக் கூடாது?

இரண்டு உள்ளங்கையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கட்டைவிரலுக்கு அடியில் இருக்கும் சதை மேடு ஒரு கையில் வற்றிப்போய் தட்டையாகத் தெரிகிறதா? அப்படியென்றால் நரம்பு நீண்ட நாளாக நசுங்கியிருக்கிறது. இந்தக் கட்டத்தில் பட்டையையும் ஊசியையும் நம்பி காலம் கடத்தக்கூடாது. வற்றிய சதை பிறகு முழுதாகத் திரும்பாமல் போகலாம்.

இவை இருந்தாலும் உடனே டாக்டரைப் பாருங்கள்:

• மரப்பு இரவு மட்டும் இல்லாமல் பகலிலும் விடாமல் இருப்பது.

• டம்ளர், கரண்டி கைநழுவி விழுவது, சட்டைப் பொத்தான் போட முடியாமல் தடுமாறுவது.

• 6 வாரம் ஒழுங்காகப் பட்டை போட்டும் துளியும் முன்னேற்றம் இல்லாதது.

• விழுந்து மணிக்கட்டு அடிபட்டபின் திடீரென விரல்கள் மரத்து, வலி கூடிக்கொண்டே போவது. இது அவசர சிகிச்சை.

ஒரு பக்கக் கை திடீரெனச் செயலிழந்து, வாய் கோணி, பேச்சு குளறினால் அது பக்கவாதம். கையை உதறிக்கொண்டு காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

ஆபரேஷன் என்றால் பயப்படவும் வேண்டாம். மேலே கூரை போல இருக்கும் நார்ப்பட்டையை வெட்டி இடம் உண்டாக்குவதுதான் அது. பெரும்பாலும் கையை மட்டும் மரக்கச் செய்து, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால் அதன்பிறகு பாரமான வேலைக்குத் திரும்பச் சில வாரம் ஆகும். தினக்கூலிக்காரருக்கு அந்தச் சில வாரம்தான் பெரிய செலவு. ராத்திரி கை மரக்க ஆரம்பித்த மாதத்திலேயே பட்டை போடத் தொடங்கினால், அந்தச் செலவே வராமல் போக நல்ல வாய்ப்பு இருக்கிறது.